கேளுங்கள், சொல்கிறேன்: முன்பக்கச் சொல்லும் பின்பக்கப் பொருளும்

சென்ற இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், முன்பக்கம் சொல்லும் பின்பக்கம் அதன் பொருளும் கொண்ட சொல் அட்டைகளை வீட்டுக் கணினியிலேயே செய்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே மேசை முழுவதும் கிடக்கின்றன. புதுச்சேரியில் பகலில் டி.டி.பி. வேலையும் மாலையில் பிரெஞ்சு, ஆங்கில வகுப்பும் என்று நாளைக் கழிப்பவள் நான். எனக்கு இதைவிட மகிழ்ச்சியான தலைப்பு கிடைக்காது. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: வேர்டில் முதல் பக்கத்தில் பத்து ஆங்கிலச் சொற்கள், இரண்டாம் பக்கத்தில் அதே வரிசையில் பத்து தமிழ்ப் பொருள்கள் தட்டச்சு செய்து, தாளின் இரு பக்கமும் அச்சிட்டேன். வெட்டிப் பார்த்தால் மழைக்கான சொல்லின் பின்னால் 'குடை' என்று இருக்கிறது. எல்லா அட்டையும் இப்படித்தான். எங்கே பிசகியது?
(பத்தாம் வகுப்பு மாணவியின் தாய், முத்தியால்பேட்டை)

பதில்: உங்கள் தட்டச்சில் எந்தப் பிசகும் இல்லை, அம்மா. தாளைப் புரட்டும்போது இடம் வலமாகிவிடுகிறது. அதை வேர்டு தானாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வெள்ளைத் தாளின் இடது மேல் மூலையில் 1 என்று எழுதி, பக்கவாட்டில் புரட்டிப் பாருங்கள். அந்த 1-க்கு நேர் பின்னால் இருப்பது பின்பக்கத்தின் வலது மேல் மூலை. ஆகவே பின்பக்கத்தில் ஒவ்வொரு வரிசையிலும் இடதும் வலதும் இடம் மாறியிருக்க வேண்டும். மேல் கீழ் மாறாது.

பக்கத்தை இப்படி அமையுங்கள். ஏ4 தாளின் அளவு 21 × 29.7 சென்டிமீட்டர். நான்கு பக்கமும் 1 செ.மீ. ஓரம் விடுங்கள். பெரும்பாலான வீட்டு பிரிண்டர்கள் தாளின் விளிம்பு வரை அச்சிடாது என்பதால் அந்த ஓரம் தேவை. மீதி 19 × 27.7. இதில் இரண்டு பத்தி, பத்து வரிசை கொண்ட ஒரே அட்டவணையைச் செருகுங்கள். பத்தி அகலம் 9.5 செ.மீ., வரிசை உயரம் 5.4 செ.மீ. உயரத்தைக் கொடுக்கும் இடத்தில் 'அட் லீஸ்ட்' என்று இருப்பதை 'எக்ஸாக்ட்லி' என்று மாற்றுவது மிக முக்கியம். இல்லையென்றால் நீளமான ஒரு பொருள் விளக்கம் தன் வரிசையைப் பெருக்கி, கீழே உள்ள அத்தனை அட்டைகளையும் நகர்த்திவிடும். ஐந்து வரிசை சேர்ந்தால் 27 செ.மீ. மீதமிருக்கும் 0.7-இல் ஆறாவது வரிசை நுழைய முடியாது. அது தானாகவே அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். முதல் ஐந்து வரிசை முன்பக்கம், அடுத்த ஐந்து வரிசை பின்பக்கம். விசிட்டிங் கார்டைவிடக் கொஞ்சம் அகலமான பத்து அட்டைகள் ஒரு தாளில் கிடைக்கும்.

டேபிள் பிராப்பர்ட்டீஸில் இன்னும் மூன்று வேலை இருக்கிறது. அட்டவணையைப் பக்கத்தின் நடுவில் நிறுத்துங்கள். பழைய வேர்டு கோப்புகளில் அட்டவணை இடது ஓரத்தைத் தாண்டி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வெளியே நிற்கும். முன்பக்கம் 2 மி.மீ. இடப்புறம் போனால், புரட்டிய பிறகு பின்பக்கம் அதற்கு எதிர்ப்புறம் விலகும். ஆக 4 மி.மீ. வித்தியாசம். நடுவில் நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அடுத்து, உள்ளடக்கத்துக்கு ஏற்ப அகலம் மாறும் வசதியை அணைத்துவிடுங்கள். மூன்றாவதாக, எழுத்து கட்டத்தின் நட்ட நடுவில் நிற்குமாறு செய்யுங்கள். 'கட்டர்' என்னும் பைண்டிங் ஓரம் பூஜ்யமாக இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சொற்களைத் தட்டச்சு செய்யும் முன் எண்களைப் போட்டு ஒரு சோதனைத் தாள் எடுங்கள். முன்பக்கம் 1, 2. அடுத்த வரிசை 3, 4. இப்படியே 10 வரை. பின்பக்கம் 2, 1; அடுத்து 4, 3; கடைசி வரிசை 10, 9. அச்சிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் 1-க்குப் பின்னால் 1 தெரிய வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் விலகல் நல்ல இயந்திரத்திலும் இருக்கத்தான் செய்யும், அதற்காக மனம் தளர வேண்டாம். வெட்டுக்கோட்டை முன்பக்கத்தில் மட்டும் வைத்து, பின்பக்கக் கட்டங்களின் கோடுகளை நீக்கிவிட்டால் அந்த விலகல் கண்ணுக்கே தெரியாது.

கடைசியாக வெறும் மூன்றாம் பக்கம் ஒன்று வந்து நின்றால் பயப்பட வேண்டாம். அட்டவணைக்குப் பின்னால் வேர்டு எப்போதும் ஒரு வெற்றுப் பாராவை வைத்திருக்கும். அதை அழிக்க முடியாது. அதன் எழுத்தளவை 1 பாயிண்ட் ஆக்கி, பாராவுக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளியைப் பூஜ்யமாக்கினால் அது முந்தைய பக்கத்துக்கே போய் ஒடுங்கிவிடும்.

கேள்வி: நான் சரியாகத்தான் அமைத்தேன். ஜெராக்ஸ் கடையில் அடித்துக் கொடுத்தபோது பின்பக்கம் முழுவதும் தலைகீழாக இருந்தது. தமிழ் எழுத்தும் வேறு மாதிரி வந்திருந்தது.
(கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம்)

பதில்: தம்பி, இரு பக்கமும் அச்சிடும்போது 'ஃபிளிப் ஆன் லாங் எட்ஜ்', 'ஃபிளிப் ஆன் ஷார்ட் எட்ஜ்' என்று இரண்டு வழி உண்டு. செங்குத்துப் பக்கத்துக்கு நீள விளிம்பு, அதாவது லாங் எட்ஜ், வேண்டும் என்று கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். குறுகிய விளிம்பில் புரட்டினால் இடம் வலம் மாறாமல் மேல் கீழ் மாறும்; நாள்காட்டித் தாளைத் தூக்கிப் பார்ப்பது போல அட்டையைப் புரட்ட வேண்டியிருக்கும்.

எழுத்து மாறியதற்குக் காரணம், நீங்கள் வேர்டு கோப்பையே கொடுத்தது. உங்கள் கணினியில் உள்ள எழுத்துரு அந்தக் கடையில் இருக்காது. வேறொன்று வந்து உட்கார்ந்து வரிகளைக் கலைத்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் இன்னும் மோசம், தமிழே போய் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆகச் சேமித்துக் கொடுங்கள். விண்டோஸில் இருக்கும் நிர்மலா யூ.ஐ. போதும், இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழும் நன்றாக இருக்கும். அச்சிடும்போது 'ஃபிட்' என்பதை விட்டுவிட்டு 'ஆக்சுவல் சைஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வரி இடைவெளியை மட்டும் 'எக்ஸாக்ட்லி' என்று இறுக்க வேண்டாம். 'கீ', 'ஷ்' போன்ற எழுத்துகளின் தலை வெட்டுப்படும்.

கேள்வி: என் வகுப்புக்கு 200 சொற்கள் வேண்டும். ஒவ்வொரு கட்டமாக வெட்டி ஒட்டினால் பொழுது விடிந்துவிடும். சுருக்கு வழி உண்டா?
(ஆசிரியை, பண்ருட்டி)

பதில்: உண்டு. எக்செலில் மூன்று பத்திகள் போடுங்கள்: வரிசை எண், சொல், பொருள். சொல் பத்தியை மட்டும் நகலெடுத்து வேர்டில் வெறும் எழுத்தாக ஒட்டினால் ஒரு வரிக்கு ஒரு சொல்லாக விழும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'இன்சர்ட் – டேபிள் – கன்வெர்ட் டெக்ஸ்ட் டு டேபிள்' போய், பத்தி எண்ணிக்கை 2, பிரிப்பது 'பாராகிராஃப்ஸ்' என்று கொடுங்கள். சொற்கள் இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகக் கட்டங்களில் போய் அமர்ந்துவிடும். பிறகு முதல் பதிலில் சொன்ன அளவுகளைக் கொடுக்க வேண்டியதுதான்.

பின்பக்கத்துக்கு எக்செலில் நான்காவதாக ஒரு பத்தி சேர்க்க வேண்டும். முதல் கட்டத்தில் 2, அதன் கீழே 1. மூன்றாம் கட்டத்தில் 'முதல் கட்டத்துடன் 2 கூட்டு' என்ற சூத்திரத்தைப் போட்டுக் கீழே வரை இழுங்கள். 2, 1, 4, 3, 6, 5 என்று போகும். அந்தப் பத்தியை நகலெடுத்து அதே இடத்தில் 'வேல்யூஸ்' ஆக ஒட்டிவிடுங்கள். சூத்திரமாகவே விட்டால் அடுக்கும்போது எண்கள் குழம்பிவிடும். இப்போது நான்காம் பத்தியின்படி ஏறுவரிசையில் அடுக்கினால் பொருள்கள் இரண்டிரண்டாக இடம் மாறி நிற்கும். அவற்றை முன்போலவே தனிக் கோப்பில் அட்டவணையாக மாற்றுங்கள். சொற்களின் எண்ணிக்கை பத்தின் மடங்காக இல்லாவிட்டால், கடைசித் தாளை நிரப்பும் அளவுக்கு ஒரு புள்ளி வைத்த வரிசைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கக் கோப்பை முழுவதும் அச்சிட்டு, தாள்களைத் திருப்பி வைத்து, பின்பக்கக் கோப்பை அச்சிடலாம். எந்தப் பக்கம் மேலே, எந்த முனை உள்ளே என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒரு தாளின் மூலையில் பென்சிலால் அம்புக்குறி போட்டு அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதை ஒரு சீட்டில் எழுதி பிரிண்டர் மேலேயே ஒட்டி வையுங்கள். பட்டியலில் இருந்து கட்டங்களைத் தானாக நிரப்பும் 'மெயில் மெர்ஜ்' வசதி பற்றியும் உங்கள் கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். 200 சொற்களுக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

கேள்வி: எங்கள் வீட்டு பிரிண்டர் ஒரு பக்கம்தான் அச்சிடும். திருப்பி வைத்தால் கோணலாக இழுக்கிறது.
(இல்லத்தரசி, நெல்லிக்குப்பம்)

பதில்: அப்படியானால் திருப்பவே வேண்டாம். இரண்டு பத்தி அட்டவணையில் இடப்புறம் சொல், வலப்புறம் அதே வரிசையில் அதன் பொருள் என்று ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். வரிசை வரிசையாக நீளத் துண்டுகளாக வெட்டி, நடுக்கோட்டில் வெளிப்புறமாக மடித்து ஒட்டினால் அட்டை தயார். இடம் வலம் கணக்கு எதுவும் இல்லை. மெல்லிய தாளும் இரட்டிப்புத் தடிமனாகிவிடும். மைதாப் பசை தாளைச் சுருக்கும். குச்சிப் பசை நல்லது. முழுத்தாளையும் முதலில் நீளவாக்கில் நடுவே மடித்து ஒட்டிவிட்டு, பிறகு வெட்டுவது இன்னும் நேர்த்தியாக வரும். சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இந்த முறையைத்தான் நான் முதலில் சொல்வேன், ஏனென்றால் மடிப்பதையும் ஒட்டுவதையும் பிள்ளைகளே செய்யலாம். தன் கையால் ஒட்டிய அட்டையைப் பிள்ளை தொலைக்காது.

கேள்வி: எந்தத் தாள் வாங்குவது? நம் ஊர் ஆசிரமத்தில் செய்யும் கைக்காகிதத்தில் அச்சிட்டால் அழகாக இருக்குமே?
(வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: அழகாகத்தான் இருக்கும், ஆனால் அட்டைக்கு ஒத்துவராது. கைக்காகிதத்தின் மேற்பரப்பு மேடு பள்ளமானது. லேசர் பிரிண்டரின் டோனர் பள்ளத்தில் சரியாகப் பிடிக்காமல் உதிரும். விளிம்பும் நேராக இல்லாததால் இயந்திரம் இரண்டு முறையும் ஒரே நேர்க்கோட்டில் இழுக்காது. அந்தக் காகிதத்தை வாங்கி, அட்டைகளை வைக்க உறை செய்யுங்கள்.

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவில் சொல்வார்கள். சாதாரண 70, 75 ஜி.எஸ்.எம். தாளில் பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். பதில் தெரிந்துவிட்டால் அட்டையால் பயனே இல்லை. 200 முதல் 250 ஜி.எஸ்.எம். வரை உள்ள வழவழப்பில்லாத வெள்ளை அட்டைதான் எனக்குப் பிடித்தது. பென்சிலால் குறிப்பும் எழுதலாம். வீட்டு பிரிண்டர்கள் பலவற்றில் தானியங்கி இருபக்க வழி இவ்வளவு தடிமனை ஏற்காது. கடையில் அடித்து, அங்கேயே கட்டிங் மெஷினில் கொடுத்துவிடுங்கள். எல்லாத் தாளுக்கும் ஒரே கட்டம் என்பதால் கட்டாக வைத்து வெட்டிவிடலாம்.

கேள்வி: ஐப்பசி பிறந்தால் போதும், இரண்டாம் பக்கம் அச்சிடும்போது தாள் சிக்கிக்கொள்கிறது. வெயில் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.
(டியூஷன் ஆசிரியர், கடலூர் முதுநகர்)

பதில்: நம் கடற்கரையில் எல்லோருக்கும் உள்ள தொல்லை இது, ஐயா. தாள் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஈரத்தாள் லேசர் பிரிண்டருக்குள் போகும்போது சூடான உருளை அந்த ஈரத்தை விரட்டுகிறது. தாள் ஒரு பக்கமாகச் சுருள்கிறது, அளவிலும் துளி சுருங்குகிறது. அதே சூட்டோடு திருப்பி வைத்தால் சிக்குவதும் இரண்டு பக்கமும் விலகுவதும் இயல்பு. பிரித்த தாள்கட்டை அதன் உறையிலேயே சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். தட்டில் முதல் நாள் வைத்த தாளை அட்டைக்குப் பயன்படுத்தாதீர்கள். முன்பக்கம் அடித்த தாள்களை ஒரு கனமான அகராதியின் கீழ் அரை மணி நேரம் ஆறவிட்டு, தாள்கட்டை விசிறிபோல் விரித்துத் தட்டிச் சமன்செய்து பிறகு வையுங்கள். இங்க்ஜெட் என்றால் மை உலரவே அந்த நேரம் வேண்டும்.

கேள்வி: பிரெஞ்சு எழுத்துகளின் மேல் வரும் குறிகளை எப்படித் தட்டச்சு செய்வது? அட்டையில் சொல்லை மட்டும் எழுதினால் போதுமா?
(பிரெஞ்சு கற்கும் மாணவி, காராமணிக்குப்பம்)

பதில்: வேர்டில் கன்ட்ரோல் விசையுடன் ஒற்றை மேற்கோள் குறியை அழுத்தி விட்டுவிட்டு 'இ' விசையைத் தட்டினால் வலப்புறம் சாய்ந்த கோடு வரும். எண் விசைப்பலகை இருந்தால் ஆல்ட் விசையை அழுத்தியபடி 0233 அடித்தாலும் அதே எழுத்துதான். இடப்புறம் சாய்ந்ததற்கு 0232, தொப்பி போட்டதற்கு 0234, 'சி'யின் அடியில் வால் வருவதற்கு 0231. ஒரு சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சொல்லை மட்டும் எழுதாதீர்கள். பெயர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா என்று காட்டும் 'லு', 'லா' சேர்த்தே எழுதுங்கள். இல்லையென்றால் பால் எது என்று பரீட்சையில் திணறுவீர்கள். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களில் அந்த இரண்டும் தேய்ந்து ஒன்றாகிவிடும் என்பதால், அங்கே 'அன்', 'யூன்' போடுங்கள். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு என்று எழுத்தின் நிறத்தையும் மாற்றலாம். கறுப்பு வெள்ளை அச்சு என்றால் ஒன்றைத் தடித்த எழுத்தாக்குங்கள்.

கேள்வி: பேத்திக்கு ஆங்கிலச் சொல் அட்டைகள் தர விரும்புகிறேன். கடையிலும் இணையத்திலும் ஆயத்தமாகக் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?
(ஓய்வுபெற்ற ஊழியர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: ஐயா, உங்கள் கேள்விக்காகத்தான் இந்த இதழை முழுவதும் ஒதுக்கினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆயத்த அட்டைக் கட்டில் இக்ளூ இருக்கும், சைலஃபோன் இருக்கும். உங்கள் பேத்தி நாளும் பார்க்கும் முந்திரி இருக்காது, பலாச்சுளை இருக்காது, தேவனாம்பட்டினம் கடற்கரையில் கவிழ்த்துவைத்த படகும் காய்கிற வலையும் இருக்காது. பார்த்துப் பழகிய பொருளுக்கு ஆங்கிலத்தில் பெயர் கிடைக்கும்போது குழந்தைக்கு அந்த மொழி அயலாகத் தெரிவதில்லை. என் வகுப்பில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. பாடப்புத்தகச் சொற்களில் வாய் திறக்காத பிள்ளை, நங்கூரத்துக்கும் துடுப்புக்கும் ஆங்கிலத்தில் என்ன என்று தானாக எழுந்து வந்து கேட்கும். கேட்டது அன்றைக்கே அட்டையாகிவிடும்.

இன்னொன்று, அட்டையில் என்ன எழுதுவது என்று முடிவுசெய்வதே பாதிப் படிப்பு. ஆகவே நீங்கள் செய்து கையில் கொடுக்காதீர்கள். பேத்தியை அருகில் உட்காரவைத்துச் செய்யுங்கள். அவள் சொல்லட்டும், நீங்கள் தட்டச்சு செய்யுங்கள். பின்பக்கத்தில் அவள் வாயில் வரும் தமிழையே போடுங்கள். அகராதியின் நான்கு பொருளையும் அடைக்க வேண்டாம். ஒரு அட்டைக்கு ஒரு சொல், ஒரு பொருள், அதன் கீழே சின்ன எழுத்தில் அவள் வீட்டு விஷயம் பற்றி ஒரு வாக்கியம். சொல்லுக்கு 18 பாயிண்ட், வாக்கியத்துக்கு 11 போதும்.

கேள்வி: அட்டைகள் சேர்ந்துவிட்டன. தினமும் எல்லாவற்றையும் புரட்ட நேரமில்லை.
(போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், வில்லியனூர்)

பதில்: எல்லாவற்றையும் தினமும் புரட்டக் கூடாது. ஜெர்மன் இதழாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் விளக்கிய பெட்டி முறையைப் பின்பற்றுங்கள். புதிய அட்டைகள் எல்லாம் முதல் பெட்டியில். சரியாகச் சொன்னது அடுத்த பெட்டிக்கு ஏறும். தவறியது எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்பும். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். பழைய செருப்புப் பெட்டியில் அட்டைத் தடுப்பு வைத்துக்கொள்ளலாம். பாதி நாள் பொருள் பக்கத்தைப் பார்த்துச் சொல்லைச் சொல்லுங்கள். அதுதான் கடினம், தேர்வில் கைகொடுப்பதும் அதுதான்.

கேள்வி: லேமினேஷன் செய்யலாமா?
(அங்கன்வாடிப் பணியாளர், அரியாங்குப்பம்)

பதில்: உங்கள் பிள்ளைகள் வாயில் வைப்பார்கள் என்பதால் செய்யுங்கள். வெட்டிய பிறகு உறையில் இடைவெளி விட்டு அடுக்கிச் செய்தால்தான் ஓரம் பிரியாது. மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள், கூர்முனை கையைக் கிழிக்கும். பெரிய பிள்ளைகளுக்கு வேண்டாம், எழுத இடமிருக்காது.